சமனூரில் சுடுகாடு இல்லை

மனு இப்படித் தொடங்கியது.

"பெறுநர்: ஊராட்சித் தலைவர் அவர்கள், சமனூர். பொருள்: என் கணவர் இறக்காதது தொடர்பாக."

அமலோற்பவம் டீயைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியை மறுபடி படித்தாள். பிழை எதுவும் இல்லை. அப்படித்தான் எழுதியிருந்தது.

"ஐயா, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் கணவர் இலுப்பன் மீது அரிசி ஆலைச் சுவர் விழுந்தது. முதுகெலும்பு மூன்று இடங்களில் முறிந்தது. விலா எலும்பு ஒன்று உள்ளே குத்தி நிற்கிறது. அன்று மாலைக்குள் இறந்துவிடுவார் என்று மருத்துவர் வாகை சொன்னார். இன்றுவரை தினமும் அதையே சொல்லிவருகிறார். என் கணவர் ஓயாமல் அலறுகிறார். தெருக்காரர்கள் நல்லவர்கள், ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் சத்தம் கேட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். இது தொடர்பாக இதற்கு முன் நூற்று ஐந்து மனுக்கள் அனுப்பியுள்ளேன். ஆவன செய்யவும். இப்படிக்கு, தும்பை."

சமனூர் என்று எங்கும் ஓர் ஊர் கிடையாது. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், மூடிப்போன ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் வரிசையாக நிற்கும் இயந்திரங்களுக்குள் அது இருந்தது. கூடத்தின் சுவரில் 'கை கழுவும் இடம்' என்ற எழுத்தை இன்னும் யாரும் அழிக்கவில்லை.

முன்பெல்லாம் நாவல் எழுதுகிறவர்கள் ஊரை மனதிலேயே வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார்கள். பாதியில் ஆறு திசை மாறிவிடும். ஐந்தாம் அத்தியாயத்தில் செத்தவர் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் காப்பி குடிப்பார். இப்போது ஊரைத்தான் முதலில் கட்டுகிறார்கள். அறுநூற்றுப் பதினான்கு கட்டங்கள் கொண்ட ஒரு படிவம் உண்டு. மண் என்ன நிறம், கிணறு எத்தனை, யார் யாருக்குப் பெரியம்மா, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பது வரை எழுத்தாளர் நிரப்பித் தர வேண்டும். நிரப்பியதை வாங்கி இயந்திரம் ஊரை ஓட்டும். அங்கே ஆட்கள் பிறப்பார்கள், கல்யாணம் செய்வார்கள், வரப்பை அரை அடி தள்ளி வெட்டுவார்கள். இங்கே ஒரு நாள் என்றால் அங்கே ஒரு மாதம். எழுத்தாளர் வேண்டும்போது வந்து பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு எழுதலாம்.

அமலோற்பவத்துக்கு அங்கே சரிபார்க்கும் வேலை. ஊரில் முரண்பாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை ஊர்க்காரர்களைவிட நன்றாகக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது என்பதால், ஒவ்வொரு ஊரிலும் ஒரு மனுப்பெட்டி வைத்திருந்தார்கள். கிணற்றில் தண்ணீர் மேலே போகிறது, என் தங்கை என்னைவிட மூன்று வயது மூத்தவளாக இருக்கிறாள் என்றெல்லாம் மனு வரும். அவள் எழுத்தாளரிடம் சொல்லித் திருத்துவாள். திருத்த ஒன்றுமில்லை என்றானதும் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு முத்திரை அடிப்பாள். 'முரண்பாடு ஏதுமில்லை. நாவல் தொடங்கலாம்.'

ஆறு வருடத்தில் மூன்று முறைதான் அதை அடித்திருக்கிறாள். எழுத்தாளர்களுக்கு எழுதுவதைவிட ஊர் கட்டுவது பிடித்திருந்தது. ஒருவர் தன் ஊருக்கு நானூறு வருட ரயில் அட்டவணை போட்டு முடித்திருந்தார். அதில் வரும் ரயில் எல்லாம் சரியான நேரத்துக்கு வந்தது. கதையில் ரயில் உண்டா என்று கேட்டால், "இன்னும் யோசிக்கல" என்பார்.

சமனூர் அவளிடம் வந்து நான்கு நாள்தான் ஆகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டீபன் துபாய் போய்விட்டான். தும்பையின் நூற்று ஐந்து மனுக்களையும் அவன் தேதிவாரியாக அடுக்கி, 'குடும்பத் தகராறு' என்ற கோப்பில் வைத்திருந்தான்.

அமலோற்பவம் ஊரின் பதிவேட்டைத் திறந்தாள். மக்கள்தொகை ஆயிரத்து நூற்று நாற்பது. ஒன்பது வருடத்தில் பிறப்பு இருநூற்று மூன்று. இறப்பு என்ற இடத்தில் சுழியம்.

மேலாளர் ஹபீப் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"பாய், சமனூர்ல ஒம்பது வருஷமா ஒருத்தரும் சாகல."

"நல்ல ஊராத்தான் இருக்கு. வாடகைக்கு வீடு கெடைக்குமா கேளு."

"அறுபத்தேழு பேரு சாகற நெலமையில கெடக்காங்க. சாவு வருது. வந்து அப்படியே நிக்குது. இந்த இலுப்பன்ங்கிறவன் ஒம்பது வருஷமா கத்திக்கிட்டே கெடக்கான்."

ஹபீப் முறுக்கை வைத்தார். "எந்தக் கட்டம்?"

"நானூத்தி ரெண்டு. சுடுகாடு. காலியா இருக்கு."

"காலியா இருக்காதே புள்ள. நம்ம மாதிரிப் படிவத்துல எல்லாத்தையும் முன்னாலயே போட்டுத்தானே குடுக்கோம். சுடுகாடு, இடுகாடு, ஆத்தங்கரை எல்லாம்."

"சிவசைலம் சார் மாதிரிப் படிவம் வேண்டாம்னுட்டாரு. வெறுந்தாள்ல இருந்து கட்டுனாரு. காலியா விட்டா மெஷின் இல்லன்னு எடுத்துக்கிடும்லா. ஆளு சாகணும்னா பொணம் எங்க போகும்னு மெஷினுக்குத் தெரியணும். தெரியல. அதனால ஒரு அடி பின்னால வந்து நிக்குது. அந்த ஒரு அடியிலதான் அவன் கெடக்கான்."

ஹபீப் கொஞ்சம் யோசித்தார். "அவன ஒருத்தன மட்டும் அழிச்சிரலாமா?"

"பொண்டாட்டி இருக்கா. நொச்சின்னு ஒரு பொண்ணு இருக்கு. அவன் பொறக்கவே இல்லன்னு ஆகும். தெருவையே திருப்பிக் கட்டணும். மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரமா? அப்ப வேண்டாம்."

"அழுதான் பாய். நான் பாத்தேன்."

"அமலா, அது அழும். அழத்தான் செஞ்சிருக்கோம். வலிக்குதா இல்லையான்னு கேக்க ஆரம்பிச்சா நாம இந்தக் கடைய நடத்த முடியாது." அவர் முறுக்கை எடுத்தார், தின்னவில்லை. "வியாழக்கெழம சார் வருவாருல்லா. கையெழுத்து வாங்கிப் போட்டுரு. ஒரு கட்டந்தானே."

எழுத்தாளர் கையெழுத்து இல்லாமல் ஒரு கட்டத்தையும் நிறுவனம் நிரப்பக் கூடாது என்பது ஒப்பந்தம். திங்கள் போய் வியாழன் வர மூன்று நாள். சமனூரில் மூன்று மாதம்.

செவ்வாய்க்கிழமை நூற்று ஏழாவது மனு வந்தது. "பொருள்: வெளியூர் சென்று இறக்க அனுமதி கோருதல். ஐயா, வெளியூர்களில் மனிதர்கள் இறப்பதாகக் கேள்விப்படுகிறோம். சென்ற மாதம் வேன் பிடித்து என் கணவரை ஏற்றிக்கொண்டு கிழக்கே போனோம். பாலம் தாண்டி ஒரு மணி நேரம் ஓடியபின் சமனூர் மேற்குத் தெருவில் வந்து சேர்ந்தோம். இரண்டாம் முறை வடக்கே போனோம். தெற்குத் தெருவில் வந்து சேர்ந்தோம். ஓட்டுநர்மேல் தவறில்லை. வேன் குலுங்கியதில் என் கணவருக்கு மிகவும் சிரமமாகிவிட்டது. சரியான சாலை எது என்று தெரிவிக்கவும்."

சமனூருக்கு வெளியூர் கிடையாது. படிவத்தில் வெளியூர் என்பது ஒரு கட்டம். சிவசைலம் அதில் 'உண்டு' என்று மட்டும் எழுதியிருந்தார்.

அன்று மதியம் அவள் நானூற்று இரண்டாவது கட்டத்தின் வரலாற்றைத் திறந்து பார்த்தாள். யார் எப்போது திறந்தார்கள் என்பதை இயந்திரம் எழுதிவைக்கும். சிவசைலம் அந்தக் கட்டத்தை நான்கு முறை திறந்திருந்தார். கடைசி முறை இரண்டு மணி நாற்பது நிமிடம் திறந்து வைத்திருந்தார். எதையும் சேமிக்காமல் மூடியிருந்தார்.

மறதி இல்லை.

புதன்கிழமை வந்த நூற்று எட்டாவது மனுவை அவள் தனியாக எடுத்து வைத்தாள்.

சிவசைலம் வியாழன்தோறும் பதினொரு மணிக்கு வருவார். கல்லூரியில் தமிழ் சொல்லித்தந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வறட்டு இருமல். ஸ்டீபன் இருந்த காலத்திலும், வந்து உட்கார்ந்ததும் அமலோற்பவத்தின் மேஜையில் இருக்கும் பிளாஸ்கைக் காட்டி, "அந்த டீயில கொஞ்சம் குடும்மா" என்று கேட்டு வாங்கிக் குடிப்பார். அவருக்கு டீ பிடிக்காது. ஒவ்வொரு வாய்க்கும் அவர் முகம் அதைச் சொல்லும். ஆனால் அவளிடம் வாங்கி, அவள் தம்ளரிலேயே குடிப்பார். வாரம் தவறியதில்லை.

சாதி இல்லாத ஓர் ஊரைப் பற்றி நாவல் எழுத வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்காகப் பதினோரு வருடம் படிவம் நிரப்பினார். எல்லோரும் ஒரே மாதிரி வீடு. ஒரே குளம். பெயரில் எதுவும் தெரிந்துவிடக் கூடாது என்று மரம் செடி கொடிகளின் பெயராக வைத்தார். ஊரைப் பார்த்தால் நாற்றுப்பண்ணை போலிருக்கும். முடி வெட்டுவது யார் என்ற கட்டத்தில் ஒரு மாதம் நின்று, கடைசியில் அவரவரே வெட்டிக்கொள்வார்கள் என்று எழுதினார். சமனூரில் ஒருவர் தலையும் பார்க்கிற மாதிரி இருக்காது. துணி வெளுப்பது அவரவர். மேளத்துக்குப் பதில் ஒலிபெருக்கி. 'சாதி' என்ற சொல்லையே ஊரின் அகராதியிலிருந்து எடுத்துவிட்டார்.

டீயில் பாதியைக் குடித்தவரிடம் அமலோற்பவம் நூற்று ஆறையும் நூற்று ஏழையும் கொடுத்தாள். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"இப்படி ஆகும்னு நெனைக்கலம்மா."

"நாலு தடவ திறந்து பாத்திருக்கீங்க சார்."

"பாத்தேன்."

"பொறவு?"

"மொதல்ல சுடுகாடு உண்டுன்னு போட்டேன். அடுத்ததா எத்தனைன்னு கேட்டுச்சு."

அவள் தலையசைத்தாள்.

"ஒண்ணுன்னு போட்டேன். பொணம் எந்தத் தெரு வழியாப் போகும்னு கேட்டுச்சு. எல்லாத் தெரு வழியாவும்னு போட்டேன். அதயும் எடுத்துக்கிச்சு. பொறவு வேலை செய்யும் குடும்பம் எதுன்னு கேட்டுச்சு. எல்லாருமேன்னு போட்டேன். ஏத்துக்கிடல. ஆளுக்கொரு மாசம்னு போட்டேன். ஏத்துக்கிடல. ஒரு குடும்பத்துப் பேரத்தான் அந்தக் கட்டம் வாங்கும்."

"ஆமா சார். மெஷின் நம்ம ஊர்களப் பாத்துப் படிச்சது."

"ஆயிரத்து நூறு பேரு பட்டியல முன்னால வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். எந்தக் குடும்பத்தப் போட? எவனப் போட்டாலும் அவன் மகன், அவன் பேரன்னு எறங்கும். நான் எழுதுன கையாலயே ஒரு கீழ்த்தெருவ உண்டாக்குனதா ஆயிரும்." அவர் இருமினார். "அதான் மூடிட்டேன். யாரு பொணத்தப் பத்திப் படிக்கப் போறாங்கன்னு நெனச்சேன். நாவல்ல சாவு வராமப் பாத்துக்கிடலாம்னு."

"அவன் ஒம்பது வருஷமாக் கத்துதான் சார்."

"புரியுதும்மா. நான் இதெல்லாம் யாருக்காக எழுதுதேன்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும் சார். எங்களுக்காக."

சிவசைலம் டீயைப் பார்த்தார்.

"எங்கப்பா குழிவெட்டி சார்," என்றாள் அமலோற்பவம். "கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு சுவர் உண்டு. அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நாங்க. ரெண்டு பக்கமும் அவருதான் வெட்டுவாரு. அவர வச்சது இந்தப் பக்கம்."

"எந்த ஊரும்மா?"

"ஊர் வேண்டாம் சார். நீங்க நாவல்ல போட்டுருவீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அவள் நூற்று எட்டாவது மனுவை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"பொருள்: இடம் ஒதுக்கக் கோருதல். ஐயா, இறந்தவர்களை வெளியூரில் எங்கே வைக்கிறார்கள் என்று பலரிடம் விசாரித்தேன். அதற்கென்று தனியாக ஓர் இடம் இருக்குமாம். நம் ஊரில் அப்படி எதுவும் இல்லை. என் கணவர் இறக்க முடியாமல் இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். குளத்துக்கு வடக்கே உள்ள தரிசை ஒதுக்கித் தரவும். அங்கே வேலை பார்க்க ஆள் வேண்டுமென்றால் நானே பார்க்கிறேன். எனக்குப் பின் என் மகள் நொச்சி பார்ப்பாள். ஆவன செய்யவும்."

சிவசைலம் இதை இரண்டு முறை படித்தார். நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"அவளே கேக்காளேம்மா."

"ஆமா."

"நான் யாரையும் ஒதுக்கல. அவளா விரும்பிக் கேக்கா. இது வேற. எந்த எடத்துல கையெழுத்து?"

"இது வேற இல்ல சார்."

"ஏன்?"

"எங்க தாத்தாவும் விரும்பித்தான் கேட்டாரு. பஞ்ச காலம். வேலைன்னு ஒண்ணு கெடைச்சாப் போதும்னு கேட்டாரு. பேரு கட்டத்துல ஏறிட்டா எறங்காது. தும்பை செய்வா, சரி. நொச்சிக்கு இப்பப் பத்து வயசு. அவளுக்கு எவன் மாப்பிள்ள வருவான்? அவ பிள்ளைக்கு எவன் பக்கத்துல உக்காருவான்?"

"சமனூர்ல அப்படி நடக்காதும்மா. அந்தச் சொல்லே அவங்களுக்குத் தெரியாது."

"அப்ப யாரு பேரப் போட்டாலும் ஒண்ணுதானே சார்?"

"ஒண்ணுதான்."

"கடம்பன் பேரப் போடுவோம்."

ஊர் கட்டுகிற எழுத்தாளர்கள் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. தங்களை எங்காவது உள்ளே நட்டுவைப்பார்கள். கேட்டால் இல்லை என்பார்கள். கடம்பன் சமனூர்ப் பள்ளித் தலைமையாசிரியர். தடித்த கண்ணாடி, வெள்ளைச் சட்டை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இருமுவார். கல்யாணம் செய்யவில்லை. மதிய உணவைப் பிள்ளைகளுக்குத் தன் கையாலேயே பரிமாறி, அவர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். எந்த வீட்டில் எது கொடுத்தாலும் வாங்கிக் குடிப்பார். ஊரில் அவர் நிழல் பட்டாலே பிள்ளைகள் எழுந்து நிற்கும்.

கூடத்தில் இயந்திரங்கள் ஒரே சீராக இரைந்தன.

"கடம்பன் இந்த நாவலோட நாயகன்மா."

"நாயகன்தானே சார். செய்யட்டும்."

"அவரு படிச்சவரு. அறுபது வயசாகுது."

"பிள்ள குட்டி கெடையாது. அதனால கீழ எறங்காது. அவரோட முடிஞ்சிரும். வேற யாரப் போட்டாலும் எறங்கும்."

"அதுக்குன்னு..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு கேட்டார்: "கையாலதான் செய்யணுமா? அதாவது, விறகடுக்கறது, கோல வச்சித் தள்ளறது, மறுநாள் எலும்பப் பொறுக்கறது எல்லாம்?"

"வேற எதால சார் செய்வாங்க?"

"அடுத்த வியாழன் யோசிச்சிச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. அவனுக்கு அது ஏழு மாசம்."

சிவசைலம் மீதி டீயை ஒரே மூச்சில் குடித்தார். ஆறிப்போயிருந்தது. முதல்முறையாக முகத்தில் எதுவும் தெரியாமல் குடித்தார். பிறகு பேனாவை எடுத்தார். நானூற்று இரண்டாவது கட்டத்தில், 'ஒன்று. எல்லாத் தெரு வழியாகவும். கடம்பன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்குக் கீழே தேதியும் போட்டார். பேராசிரியர்களுக்கு அந்தப் பழக்கம் போகாது.

அமலோற்பவம் அதை ஏற்றினாள். திரையைத் தும்பையின் வீட்டுப் பக்கம் திருப்பி, ஓட்டத்தை மெதுவாக்கி வைத்தாள். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குள் அலறல் இருந்தது. தும்பை அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். நொச்சி வாசலில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள், அலறலுக்கு மேலே கேட்க வேண்டும் என்று சத்தமாக. படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான் படிக்கிறாள் போலும். எட்டாம் வாய்ப்பாட்டின் நடுவில் அலறல் நின்றது. எண்ணெட்டு அறுபத்து நான்கு என்பதை நொச்சி கத்திச் சொன்னாள். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டது. அவள் பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

தும்பை கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க அமலோற்பவம் திரையைத் திருப்பவில்லை.

அன்று சமனூரில் அறுபத்தேழு பேர் இறந்தார்கள். கடம்பன் மூன்று நாள் தூங்கவில்லை. எல்லாத் தெரு வழியாகவும் பாடை வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறகடுக்கினார். முதல் நாள் வாந்தி எடுத்தார். மூன்றாம் நாள் எடுக்கவில்லை. இலுப்பனை எரித்தபோது தும்பை அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். அவர் தூக்கி நிறுத்தினார்.

திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சிவசைலம் சொன்னார்: "நல்லாச் செய்யாருல்லா?"

"நல்லாச் செய்யாரு சார்."

மறுநாள் வந்த நூற்று ஒன்பதாவது மனுவின் பொருள், 'நன்றி தெரிவித்தல்'. நான்கு வரிதான். இனி மனு எழுத வேண்டியிருக்காது என்று தும்பை எழுதியிருந்தாள். அமலோற்பவம் அதை எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியாமல் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க மனுப்பெட்டி காலியாக இருந்தது. அடுத்த வியாழக்கிழமை காலையில் ஒன்று வந்தது. நீளமானது. கீழே இருநூற்றுப் பதினோரு கையெழுத்துகள். சிவசைலம் பதினொரு மணிக்கு வந்து உட்கார்ந்தார். அவள் அதை நீட்டினாள்.

"பொருள்: தலைமையாசிரியர் தொடர்பாக. ஐயா, தலைமையாசிரியர் கடம்பன் அவர்கள் மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் நல்லவர். ஊருக்கு அவர் செய்துவரும் பணியை மறக்க மாட்டோம். ஆனால் அந்தப் பணியைச் செய்துவிட்டு அதே கையால் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது சரியாக இல்லை. குளித்துவிட்டுத்தான் வருகிறார் என்றாலும் பிள்ளைகள் சாப்பிட மறுக்கிறார்கள். எனவே வேறு தலைமையாசிரியரை நியமிக்கவும். குளத்தின் வடகரையை மட்டும் அவர் பயன்படுத்தச் சொல்லவும். அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவருக்கு ஒரு வீடு கட்டித் தந்தால் அவருக்கும் வசதியாக இருக்கும். அவருக்கு வயதாகிவிட்டதாலும் வாரிசு இல்லாததாலும், இந்தப் பணிக்கென்று வெளியூரிலிருந்து ஒரு குடும்பத்தை வரவழைத்து அங்கேயே குடியமர்த்தவும். பாடை எல்லாத் தெரு வழியாகவும் போவதை மாற்றுவது பற்றித் தனியாக மனு அனுப்புகிறோம். ஆவன செய்யவும்."

முதல் கையெழுத்து தும்பை. அடைப்புக்குறிக்குள், 'நொச்சியின் தாய், ஐந்தாம் வகுப்பு' என்று இருந்தது.

சிவசைலம் இருமினார். இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அந்தச் சொல்லே நான் குடுக்கலையேம்மா."

"சொல்லு இல்லாமலே எழுதிட்டா சார்."

"இவ புருஷனத்தானே மொதல்ல எரிச்சாரு. கால்ல விழுந்தாளே."

"விழுந்தா."

"ஏழே மாசத்துலயா?" அவர் மனுவைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. "இது கண்டிப்பா ஏதோ பிழைம்மா. எங்கயோ ஒரு கட்டம் தப்பா ஏறியிருக்கும். நீ நல்லாப் பாரு. அறுநூத்திப் பதினாலும் பாரு."

"கடம்பன் எப்படி இருக்காரு, பாக்கீங்களா சார்?"

"வேண்டாம்," என்றார் உடனே. "நீ கட்டத்தப் பாரு."

அவள் பார்த்தாள். மண்ணின் நிறத்திலிருந்து தொடங்கினாள். கிணறுகளைப் பார்த்தாள். பெரியம்மாக்களைப் பார்த்தாள். ஹபீப் ஒருமுறை எட்டிப் பார்த்து, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். சிவசைலம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு எழவில்லை. பிளாஸ்க் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அன்று அவர் டீ கேட்கவில்லை. அவளும் ஊற்றிக் கொடுக்கவில்லை.

நாலரை மணிக்கு அறுநூற்றுப் பதினான்காவது கட்டம் முடிந்தது. அது நாய்களைப் பற்றியது. எல்லா நாயும் சரியாக இருந்தது.

"என்னம்மா?" என்றார்.

அமலோற்பவம் இழுப்பறையைத் திறந்தாள். தும்பையின் நன்றி மனுவுக்கு அடியில் முத்திரை கிடந்தது. மை காய்ந்திருந்தது. இரண்டு முறை ஊதி, மைத்திண்டில் அழுத்தி, படிவத்தின் கடைசிப் பக்கத்தில் நேராக வைத்து அடித்தாள்.

'முரண்பாடு ஏதுமில்லை. நாவல் தொடங்கலாம்.'